கஷ்டம் வந்தால் சிரிப்பவர்

திருத்தணி பைபாஸில் உள்ள பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தவர் அந்த அக்கா. நாற்பது வயதிருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவதற்காக, பங்க் யூனிஃபார்மோடேயே எங்கள் டேப்லெட் வகுப்புக்கு வருவார். டேப்லெட்டின் கேமரா படிப்பவரின் முகத்தைப் பார்த்து, பாடம் எளிதா கடினமா என்று கணித்து, அதற்கேற்ற கணக்கைக் கொடுக்கும். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு.

அவர் எப்போதும் சிரித்த முகமாக இருந்தார். 'உற்சாகம்' என்று பதிவாகி, கணக்குகள் கடினமாகிக்கொண்டே போயின. மூன்றாம் வாரம் டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"நின்னுக்கிறேங்க சார். ஒன்னுமே புரியல."

"சிரிச்சுக்கிட்டே தானேக்கா போட்டீங்க?"

"ஆங், கஷ்டமா இருந்தா சிரிப்பு வந்துடுதுங்க. பங்க்ல எவனாவது கத்தினா சிரிச்சுகினு தான நிப்போம்? அதே பழக்கம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை நாளில் ஒருமுறைகூட நான் அவரிடம் புரிகிறதா என்று வாய்திறந்து கேட்கவில்லை. இன்னும் ஒரு வாரம் வாருங்கள் என்று கெஞ்சினேன். கேமராவை நிறுத்திவிட்டு, 'கஷ்டமாக இருக்கிறது' என்று அவரே அழுத்த ஒரு பட்டன் வைத்துக் கொடுத்தேன். முதல் நாள் ஓயாமல் அழுத்தினார். பிறகு மெல்லக் குறைந்தது.

ஒரு மாலை அவர் புருவத்தை நெரித்து, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். சிரிப்பே இல்லை. உதவலாம் என்று பக்கத்தில் போனேன். நிமிராமலேயே கையைக் காட்டித் தடுத்தார்.

"இருங்க சார், வந்துகினு இருக்குது."

அந்த முகத்தில் இருந்தது கஷ்டமா சந்தோஷமா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் விடையை எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தேன்.