ஒண்ணு பத்துக்கு வர்றவர்

எங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும்னா நான்தான் சொல்லணும். அவரையே கேட்டா, "ஏதோ இருக்கேன்"னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டுப் போயிடுவார். இருபத்திரண்டு வருஷமா அந்த மனுஷனைக் கட்டி மேய்க்கிறவ நான்.

தண்ணி மீட்டர் பழுது பாக்குற பட்டறைல வேலை. பட்டறை எங்க தெருக் கோடியிலதான். வாசல்ல நின்னு கூப்பிட்டாக் கேட்கும், கூப்பிட்டும் இருக்கேன். வீடுகள்ல இருந்து கழட்டிக் கொண்டு வர்ற மீட்டரை நீள மேஜையில வரிசையாப் பூட்டி, தண்ணியத் திறந்து விடணும். முள்ளு காட்டுறதும் தொட்டியில விழுந்ததும் ஒண்ணா இருந்தா, கம்பி கோத்து ஈய முத்திரை அடிச்சு அனுப்பணும். ஒரு சொட்டு முன்ன பின்ன இருந்தாலும் விட மாட்டார். அதனால பட்டறையில அவருக்குப் பேரே 'சொட்டு'தான். ஆனா எங்க வீட்டுக் குளியலறைக் குழாய் ஆறு மாசமா ஒழுகுது. கேட்டா, "யாரும் எழுத்து மூலமாப் புகார் தரலியே"ம்பார்.

ஊர் சுத்துற ஆசையெல்லாம் கிடையாது. என் அண்ணன் வருஷத்துக்கு ஒரு தடவை எங்கயாவது போயிட்டு, மலை, கடல், பனின்னு நூறு போட்டோ அனுப்புவான். இவரும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒண்ணு விடாமப் பார்ப்பார். பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்கேருந்து மத்தியானம் வீட்டுக்கு வர முடியாதே"ம்பார்.

மத்தியானம் ஒண்ணு பத்துக்கு வந்து நிப்பார். நான் வீட்டுலயே துணி திருத்துறவ. பேன்ட் உயரம் குறைக்கிறது, ஜிப்பு மாத்துறது, இடுப்பு பிரிச்சு விடுறது. சரியா ஊசியில நூல் கோக்கும்போதுதான் செருப்புச் சத்தம் கேட்கும். நேரா அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு பாத்திரத்தோட மூடியையும் திறந்து பார்ப்பார், ஏதோ மீட்டரைச் சோதிக்கிற மாதிரி. சாப்பாடு ஆனதும் ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் சீட்டு. அழுகுணி ஆட்டம்தான். வேண்டாத சீட்டைத் தொடைக்கு அடியில தள்ளிட்டு, ஜன்னலைப் பார்த்து மழை வருமான்னு என்னைக் கேட்பார். நானும் தெரியாத மாதிரி தோத்துட்டு நல்லாத் திட்டுவேன். அப்புறம் கால் மணி நேரம் தூங்கிட்டுக் கிளம்பிடுவார். இந்த ஒரு மணி நேரம் எனக்கு எவ்வளவு பெரிய தொல்லைன்னு நான் புலம்பாத ஆள் இல்லை.

அந்தத் தொல்லைக்கும் விடிவு காலம் வந்துச்சு. அவரோட பதிவேட்டுல ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லைன்னு எவனோ கண்டுபிடிச்சு, தலைமை அலுவலகத்துல மேற்பார்வையாளர் ஆக்கிட்டாங்க. ரெண்டு பஸ் மாறி ஒண்ணேகால் மணி நேரம் போகணும். அவர் மூஞ்சி தொங்கிப் போச்சு. நானோ அன்னிக்கே அண்ணனுக்குப் போன் போட்டுப் பீத்திக்கிட்டேன். "அப்பாடா, மாப்பிள்ளை ஒரு வழியாத் தெருவைத் தாண்டிட்டாரா"ன்னான்.

முதல் நாள் நிம்மதியா இருந்துச்சு. மூடியைத் திறக்க ஆள் இல்லை. நாலு பேன்ட் முடிச்சேன். ரெண்டாம் நாள் ஒரு பேன்ட்டுக்கு ஒரு காலை மட்டும் ரெண்டு விரல் கூடுதலா வெட்டிட்டேன். மூணாம் நாள் ஒரு மணிக்குத் தட்டை எடுத்து வச்சு, சோத்தைப் போட்டு, சுவத்தைப் பார்த்துட்டு, திரும்பப் பானையிலயே கொட்டிட்டேன். அதுக்கப்புறம் தட்டு எடுக்கிறதையே விட்டுட்டேன். இதை யார்கிட்டப் போய்ச் சொல்ல? இத்தனை வருஷம் புலம்பினவ நான்தானே. அவர்கிட்ட ஆபீஸ் எப்படி இருக்குன்னு கேட்டா, "மின்விசிறி இருக்கு"ன்னு மட்டும் சொல்வார்.

மூணு வாரம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் ஒரு நாள் கேரியர்ல சாப்பாட்டைக் கட்டி, சீட்டுக்கட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு நானே கிளம்பிட்டேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்லு. கேன்டீன்ல மூலை மேஜையில உட்கார்ந்தோம். எனக்குப் பசிக்கலைன்னு சொல்லி அவருக்கு மட்டும் பரிமாறினேன். சாப்பிட்டதும் சீட்டை எடுத்தேன்.

ஒழுங்கா ஆடினார். ஒரு சீட்டுகூடத் தொடைக்கு அடியில போகல. கடைசியில கையில இருந்ததையெல்லாம் மேஜையில பரப்பி வச்சு, தோத்துட்டேன்னார்.

"ஏன் ஒளிக்கல?"ன்னேன்.

"இங்க வேணாம். இது நம்ம வீடில்லையே."

கை கழுவிட்டு வர்றேன்னு அவர்கிட்டச் சொல்லிட்டு, கேரியரைக்கூட வைக்காம, விறுவிறுன்னு மூணு மாடி ஏறி அதிகாரி அறைக்குப் போயிட்டேன். என் வயசு இருக்கும் அந்தம்மாவுக்கு. ரெண்டு பக்கமும் கோப்பு அடுக்கி, நடுவுல டப்பாவை வச்சுச் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. நான் யாருன்னு சொல்லி, ஒரே மூச்சுல கொட்டினேன். உங்களுக்கு மேற்பார்வையாளர் ஆயிரம் பேர் கிடைப்பாங்க, எனக்கு இருக்கிறது ஒரே புருஷன், அவரைப் பழைய பட்டறைக்கே அனுப்பிடுங்கன்னேன்.

அந்தம்மா சிரிக்கல. இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினாங்க. இவர் போன வாரமே பழைய இடம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கார். வீட்டுக்கு மட்டும் தெரிய வேண்டாம், மச்சான்கிட்ட அவளுக்குத் தலைகுனிவாப் போயிடும்னு கெஞ்சினாராம்.

படிச்சேன். மனைவிக்கு ஓயாத தலைசுற்றலாம். அடுப்படியில ரெண்டு தடவை மயங்கி விழுந்தாளாம். படி ஏறினா மூச்சு வாங்குமாம். அடப்பாவி மனுஷா! பதிவேட்டுல ஒரு சொட்டுப் பொய் எழுதாத ஆள், என்னை நோயாளி ஆக்கிட்டாரே!

"லிஃப்ட் பழுதாச்சே. எப்படிம்மா ஏறி வந்தீங்க?"ன்னு கேட்டாங்க.

சட்டுன்னு நாற்காலியில உட்கார்ந்து தலையைப் பிடிச்சுக்கிட்டேன். எந்தப் பக்கம் சுத்தணும்னு தெரியாம ரெண்டு பக்கமும் பிடிச்சேன்.

"மயக்கத்தை விடுங்க. பொய்க் காரணத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. அதனாலதான் இதை எடுத்து வச்சிருந்தேன். கடைசி வரியைப் படிங்க. அது மட்டும் நிஜமான்னு சொல்லுங்க."

மத்ததெல்லாம் மணி மணியா எழுதின மனுஷன், கடைசி வரியை மட்டும் கோணல்மாணலா எழுதியிருந்தார். 'நான் இல்லாமல் அவள் மத்தியானம் சாப்பிடுவதில்லை. ராத்திரி வந்து பானையைத் திறந்து பார்க்கிறேன்.'

அண்ணனுக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது, நானே எனக்குச் சரியாச் சொல்லிக்கல. கண்ணு கலங்கிடுச்சு. இருபத்திரண்டு வருஷத்துல அவர் சொன்ன எதையும் நான் ஒத்துக்கிட்டதே இல்லை.

"ஆமாங்க. நிஜந்தான்"ன்னேன்.

அந்தம்மா பேனாவைத் திறந்தாங்க.

கீழ வந்தா, அதே மூலையில சீட்டை அடுக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். கை கழுவ இவ்வளவு நேரமான்னு கேட்டார். அவர் எதிர்லயே உட்கார்ந்து, கேரியர்ல மிச்சம் இருந்த சோத்தை எடுத்துச் சாப்பிட ஆரம்பிச்சேன். அவர் அடுக்குறதை நிறுத்திட்டு, நான் முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தார்.