ஓலைப் பெட்டி மாலையும் எர்ணாவூர் மேம்பாலமும்

முதலில் ஒரு மன்னிப்பு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதற்காக எழுத வந்துவிடுமா? நாலு பேர் முன்னால் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் போன சனிக்கிழமைப் பயணத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். வருகிறவர்களுக்கு இனிப்பைப் பனை ஓலைப் பெட்டியில் தரலாம் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். "பிளாஸ்டிக் டப்பா போதாதா?" என்றார் அம்மா. பழவேற்காட்டில் பெண்கள் வீட்டிலிருந்தே ஓலை பின்னுகிறார்கள். அங்கே நஸீமா அக்காவிடம் முப்பது பெட்டி சொல்லியிருந்தோம். ஒன்று அறுபது ரூபாய்.

காலை ஆறரைக்கு ராயபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினோம். வழக்கம்போல ஓட்டியது என் கணவர் சேவியர். எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கன்டெய்னர் லாரி வரிசை. பிறகு மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பொன்னேரியில் இட்லிக்கு நின்றதையும் சேர்த்து இரண்டேகால் மணி நேரம். ஏரி கண்ணில் பட்டதும் பின்னாலிருந்து கத்தியேவிட்டேன்!

நஸீமா அக்கா வீட்டில் ஐந்து பெண்கள் சாயம் ஏற்றிய ஓலையைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். பெட்டிகளைப் பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம். ஒவ்வொரு மூடியும் சின்னச் சத்தத்தோடு கச்சிதமாக உட்கார்ந்தது.

சேவியர் கோணிப்பையை விரித்தார். "இதுல போட்டு இறுக்கிக் கட்டிகினா போச்சுக்கா."

"இறுக்கினா நசுங்கிடும் தம்பி. அப்புறம் மூடி மூடாது. நாங்க கோத்துதான் அனுப்புவோம்."

நஸீமா அக்கா பிடிகளில் கயிறு நுழைத்து, பதினைந்து பதினைந்தாக இரண்டு மாலை கட்டித் தந்தார். நான் பின்னால் உட்கார்ந்து கழுத்தில் போட்டுப் பார்த்தேன். குள்ளச்சி எனக்கு அது சக்கரம் வரை தொங்கியது. ஐந்து பேரும் சிரித்தார்கள்.

"உயரமான ஆளு பின்னால உக்காரட்டும். நீ ஓட்டமாட்டியாம்மா?"

லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம். எங்கள் தெருவிலிருந்து சர்ச் வரை ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

"லாரி ரோடு ஸ்டெல்லா" என்றார் சேவியர்.

"பெட்டி நசுங்கினா நாளைக்கு அம்மா மூஞ்சில எப்படிங்க முழிக்கிறது?"

சாவியைக் கொடுத்துவிட்டு, இரண்டு மாலையையும் கழுத்தில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

முப்பது வேகத்தைத் தாண்டவில்லை. எர்ணாவூர் மேம்பாலத்துக்கு முன்னால் நெரிசல். இரண்டு கன்டெய்னர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டேன். கை வியர்த்துப் பிடி வழுக்கியது. லாரியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"இன்னா நைனா, இப்பத்தான் தாலி கட்டினியா? மாலையோட குந்திகினு கீற!"

"ஆமா மாமு! பொண்ணு என்னை இட்டுகினு போது!" என்றார் சேவியர்.

லாரிக்காரர் சிரித்துக்கொண்டே கையை வெளியே நீட்டிப் பின்னால் வந்த லாரியை நிறுத்தினார். "நீ போ தங்கச்சி!" போனேன். மேம்பாலத்தின் உச்சியில் கடல் காற்று முகத்தில் அடித்தபோது நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா முப்பது மூடியையும் திறந்து மூடிப் பார்த்தார். எல்லாம் மூடின.

போக நினைப்பவர்களுக்கு: ஏழுக்குள் கிளம்புங்கள், லாரி குறைவு. பெட்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கோணிப்பை வேண்டாம்.

கடைசியாக ஒன்று, சேவியர். இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். வாசலில் வண்டியை நிறுத்தியதும் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள். அப்போது கேட்க வாய் வரவில்லை. அடுத்த மாதம் மகாபலிபுரம் போகலாம் என்றீர்களே, மாலை இல்லாமலும் பின்னால் உட்காருவீர்களா?