எலி கடித்த பிரதி

என் அண்ணிக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடப்பாள். "கால்ல சக்கரத்தோட பொறந்தவ" என்பான் அண்ணன். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் பகலெல்லாம் நின்றுவிட்டு வருகிற எனக்கு, வீட்டில் இன்னொருத்தி நடப்பதைப் பார்த்தாலே முட்டி வலிக்கும்.

இப்போது அவள் ஒரு மிக்ஸி கம்பெனிக்கு வழிமுறைப் புத்தகம் எழுதுகிறாள். அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தாள் என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை விளங்காது. கணினி விளையாட்டுதான், ஆனால் சுடுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. திரையில் ஓர் அறையின் படம் நிற்கும். கீழே எழுத்து வரும். படிக்கப் படிக்கக் கதை நகரும். நடுவில் ஒரு புதிர் வரும், விடை சொன்னால்தான் அடுத்த அறை திறக்கும்.

'தாழிட்ட விடுதி' என்று ஒன்றை அண்ணி எழுதினாள். கதையும் அவள்தான், புதிரும் அவள்தான். விடுதிக்குள் மாட்டிக்கொண்டவர்கள் வெளியே போக வழி தேடுகிறார்கள். கடைசி அறையில் ஒரே ஒரு கேள்வி: கதவைப் பூட்டியது யார்? சரியான விடை போட்டால் முடிவு வரும். அந்த முடிவுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமா! எழுதுவாள், அழிப்பாள், குறுக்கும் நெடுக்குமாக நடப்பாள். "என் வாழ்நாள்ல நான் உருப்படியா எழுதினது இதுதான்" என்று முடித்த அன்று என்னிடம் சொன்னாள்.

அந்தக் கம்பெனியின் பழைய விளையாட்டுகளை யார் யாரோ காப்பி எடுத்து இனாமாகப் பரப்பியிருந்தார்கள். அண்ணிக்கு அதில் ஆத்திரமான ஆத்திரம். யாராவது திருட்டுப் படம் பார்த்தால்கூட நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். அண்ணன் அவளுக்குத் தெரியாமல் குளியலறையில் வைத்துப் பார்ப்பான். இந்த முறை விடக்கூடாது என்று அவளே ஒரு பொறி யோசித்தாள். கடைசி அறைக்கு வந்ததும் விளையாட்டு சத்தமில்லாமல் இன்டர்நெட் வழியாகக் கம்பெனிக் கணினியைக் கேட்கும், இது காசு கொடுத்து வாங்கினதா என்று. 'ஆமாம்' என்று பதில் வராவிட்டால், எந்த விடையைப் போட்டாலும் 'தவறு' என்றே சொல்லும்.

"திருடன் கடைசிவரைக்கும் வந்து வாசல்ல மண்டையை உடைச்சுக்கட்டும்! அப்புறம் கதவு தொறக்கலன்னு நமக்கே புகார் எழுதுவான் பாரு, கையும் களவுமா மாட்டுவான்" என்று சிரித்தாள். புகார்கள் வரத்தான் செய்தன. பதிலை அவளே எழுதுவாள்: 'வாங்கி விளையாடு, திருடா.' எழுதிவிட்டு எனக்குப் படித்தும் காட்டுவாள்.

கொஞ்ச மாதத்தில் ஒருவன் அந்தப் பூட்டையும் உடைத்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டான். அவன் பிரதியைத் திறந்தால் முதலில் ஒரு குட்டி எலி ஓடும், 'எலி கடித்தது' என்று எழுத்து வரும். எலி என்பது அவன் வைத்துக்கொண்ட பட்டப்பெயர். அண்ணி வக்கீலை ஏவி அவன் இணையதளத்தையே மூட வைத்தாள். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள்.

அப்புறம் கம்பெனியும் படுத்துவிட்டது. விளையாட்டை விற்பதும் நின்றது. அண்ணி மிக்ஸிக்கு வந்து சேர்ந்தாள்.

போன மாதம் நூலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பழைய கணினி விளையாட்டுகள் அழிந்துபோகாமல் சேர்த்துவைக்கிற பிரிவாம். 'தாழிட்ட விடுதி'யை, காசு கொடுத்து வாங்கிய அசல் பிரதியையே, மடிக்கணினியில் வைத்திருந்தாள். அண்ணிக்கு முகமெல்லாம் பல்.

"கடைசி அறை மட்டும் தொறக்கலைங்க. முடிவு வரைக்கும் போகாததை நாங்க சேர்த்துக்க முடியாது" என்றாள் நூலகப் பெண்.

"அட, இவ்வளவுதானா!" அண்ணி நின்றபடியே தட்டினாள். 'யாருமில்லை.' விடுதிக் கதவை யாரும் பூட்டவே இல்லை, பூட்டியிருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அதுதான் விடை.

'தவறு' என்றது திரை.

மறுபடி தட்டினாள். தவறு. மூன்றாம் முறை தட்டப் போனவள் விரலை எடுத்துக்கொண்டாள். முகம் செத்துவிட்டது. கம்பெனியே இல்லை, 'ஆமாம்' என்று சொல்ல எந்தக் கணினி இருக்கிறது?

"நீ வச்ச பொறியில நீயே மாட்டிக்கிட்டியா?" என்றான் அண்ணன். அவனுக்கு எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்றே தெரியாது.

"வாயை மூடிக்கிட்டு இருங்க."

பழைய முதலாளிக்கு போன் போட்டாள். "அதெல்லாம் எப்பவோ எடைக்குப் போட்டாச்சும்மா" என்று அவர் வைத்துவிட்டார். வேலையை விட்டபோது இவள் தன் கதையை ஒரு வரிகூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கம்பெனிப் பொருளை எடுத்தால் அதுவும் திருட்டுதானே என்றாள் மகராசி.

"எலி உடைச்ச காப்பி ஒண்ணுதான் முடிவு வரைக்கும் போகும். அவர் தளத்தை மூடினதுல அதுவும் போச்சு, அப்போ வாங்கி வச்சவங்ககிட்டயும் தேடிப் பார்த்தோம், கிடைக்கல. அவர்கிட்ட மட்டும் இருக்கு" என்றாள் நூலகப் பெண்.

"திருட்டுக் காப்பியை நூலகத்துல வைப்பீங்களா? நல்லா இருக்கே நியாயம்!"

"எங்ககிட்ட இருக்கிற பழைய விளையாட்டுல பாதி, யாரோ திருடி வச்சிருந்ததாலதாங்க இன்னிக்கு இருக்கு. வித்தவங்க ஒருத்தரும் பத்திரமா வைக்கலையே."

"அப்போ திருடனுக்குப் பட்டம் குடுங்க."

"அவர் பட்டம் கேக்கல. எழுதினவங்களே நேர்ல வந்து கேட்டா தரேன்னு சொல்லியிருக்கார்."

அந்த வாரம் முழுக்க அண்ணி எங்கள் உயிரை வாங்கினாள். ஜன்னலைத் திறப்பாள், சாத்துவாள். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் பாதியில் திரும்பி வருவாள். மூடியைக் கழற்றிவிட்டு மிக்ஸியை ஓட்டவும் என்று எழுதி அனுப்பிவிட்டு, கம்பெனியில் வாங்கிக் கட்டிக்கொண்டாள். போகாவிட்டால் அவள் எழுதிய முடிவு எங்குமே இருக்காது. போனாலோ திருடனிடம் கையேந்த வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, உங்களுக்கு ரோஷம் வேணுமா, கதை வேணுமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லிட்டு எங்களை நிம்மதியா சாப்பிட விடுங்க."

"நீயும் கூட வா" என்றாள்.

எலி கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஏதோ ஒல்லிப் பையனை நினைத்துப் போனால், தொந்தியும் வழுக்கையுமாக ஒரு மனுஷர், லென்ஸ் தேய்க்கிற மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணி யாரென்று சொன்னதும் மெஷினை நிறுத்தினார்.

"உக்காருங்க."

"இருக்கட்டும். எதுக்கு என் கதையைத் திருடினீங்க?"

மனுஷர் கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்து விளையாட்டின் அசல் உறையை எடுத்து மேஜையில் வைத்தார். வெயிலில் வெளுக்காமல் புதுசு மாதிரி இருந்தது.

"கடைக்கு வந்த அன்னிக்கே வரிசையில நின்னு வாங்கினேங்க."

"வாங்கினவர் எதுக்கு உடைக்கணும்?"

"அப்போ எங்க பக்கம் இன்டர்நெட் இழுத்துக்கிட்டுக் கிடக்கும். கடைசி அறையில 'யாருமில்லை'ன்னு போட்டேன். தப்புன்னு சொல்லுச்சு. சரி, நமக்குத்தான் புத்தி பத்தலன்னு விடுதியில இருக்கிற ஒவ்வொருத்தர் பேரையும் போட்டேன். வேலைக்குப் போனாலும் அதே நெனப்பு. கடைசியில கம்பெனிக்கு எழுதினேன், கதவு தொறக்கல, உதவி பண்ணுங்கன்னு. என்ன பதில் வந்துச்சு தெரியுமா?"

எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் எழுதினேன்" என்றாள். "உங்க லைன் மெதுவா இருந்ததால பதில் வந்து சேர்ந்திருக்காது. மெஷின் உங்களைத் திருடன்னு நெனச்சிருக்கும். நானும் நெனச்சேன்."

"கோவம் வந்துச்சுங்க. உக்காந்து பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு கத்துக்கிட்டேன். உடைச்சப்புறம்தான் தெரிஞ்சது, மொதல்ல போட்டதே சரின்னு."

"முடிவைப் படிச்சீங்களா?"

"அதுக்குத்தானே உடைச்சேன். படிச்சு அழுதுட்டேங்க. என்னை மாதிரி எத்தனை பேர் வாசல்ல நிக்கிறாங்களோன்னு எல்லாருக்கும் குடுத்தேன்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை பேர் எழுதினார்கள் என்று என்னிடம் கேட்பது போலிருந்தது. எனக்கு அவள் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவர் ஒரு பென்டிரைவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அங்கிருந்தே நூலகப் பெண்ணுக்கு போன் போட்டாள். கிடைத்துவிட்டது என்றதும் அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம். "திருட்டுப் பிரதின்னு ஒரு குறிப்பு மட்டும் போடணும், பரவாயில்லையா?" என்று கேட்டது எனக்கும் காதில் விழுந்தது.

"அப்படிப் போடாதீங்க" என்றாள் அண்ணி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிக் கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னாள். "அவர் காசு குடுத்து வாங்கினவர். காசை வாங்கிக்கிட்டு முடிவைக் குடுக்காம விட்டது நாங்க."