பெலிக்ஸின் பழைய பிஸ்டன்

அரிமளம் கடைத்தெருவில் மெக்கானிக் பெலிக்ஸ் வேலை பார்த்த வண்டியை யாரும் எளிதில் கண்டுபிடித்துவிடலாம். ஹேண்டில்பாரில் ஒரு பை முடிச்சுப் போட்டுத் தொங்கும். அறுந்த கேபிள், கருகிய பிளக், தேய்ந்த பிரேக் கட்டை என்று எதை மாற்றினாலும் பழையது அந்தப் பைக்குள் இருக்கும். “இந்தக் குப்பை எனக்கு எதுக்குப்பா?” என்று வண்டிக்காரர் கேட்டாலும் பெலிக்ஸ் விடமாட்டார்.

“கொண்டுபோயி வீட்ல வச்சுப் பாருங்க. மாத்துனானா, மாத்துன மாதிரி சொன்னானான்னு நாளைக்கு ஒங்களுக்கு ஒரு நெனப்பு வரக்கூடாது.”

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. பதினேழு வயதில் அவர் திருமயத்தில் ஒரு பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒருவர் வந்து, தன் வண்டியின் புது கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிட்டான் என்று பெலிக்ஸின் சட்டையைப் பிடித்தார். பட்டறைக்காரர் வாயைத் திறக்கவில்லை. சாலையில் போனவர்களெல்லாம் நின்று பார்க்க, பெலிக்ஸின் பேண்ட் பைகளை வெளியே இழுத்துச் சோதித்தார்கள். ஒரு கார்புரேட்டர் பேண்ட் பைக்குள் நுழையுமா என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. சொந்தமாகக் கடை வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அந்தப் பைதான் பலகை.

அவருக்கு இருந்த ஒரே ஆசை வேகம். திருமயம் போகும் சாலையில் யாரோ வீட்டுமனை போடுவதற்காக நிலத்தைச் சமப்படுத்தி, நடுவில் நூல் பிடித்ததுபோல ஒரு தார்ச்சாலை போட்டிருந்தார்கள். மனை ஒன்றும் விற்கவில்லை. எல்லைக் கல்லுக்கெல்லாம் மஞ்சள் பெயிண்ட் அடித்ததோடு சரி. சாலை மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெலிக்ஸ் தன் பழைய நூற்றைம்பது சிசி வண்டியை அங்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பார். அவர் மனைவி இசைவாணி எல்லைக் கல்லில் உட்கார்ந்து செல்போனில் நேரம் பார்ப்பார்.

பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டி அது. இரண்டு வருடத்துக்கு முன்னால் புகை தள்ள ஆரம்பித்தது. காரைக்குடியில் லேத்துக்குக் கொண்டுபோய், தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் கடைந்து அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட்டார். பத்து வருடம் ஓடிய வண்டிக்கெல்லாம் எந்த மெக்கானிக்கும் செய்கிற வேலைதான்.

போன மாசி மாதம் மனைக்காரர்கள் கூட்டம் சேர்ப்பதற்காக அதே சாலையில் ஒரு டிராக் ரேஸ் வைத்தார்கள். இரண்டிரண்டு வண்டியாக நிற்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் நானூறு மீட்டர் நேர் ஓட்டம். தொழிலாக ஓட்டுபவர்களுக்குப் புரொபஷனல் என்று ஒரு பிரிவு, ஆசைக்கு ஓட்டுபவர்களுக்கு அமெச்சூர் என்று ஒரு பிரிவு. அமெச்சூர் வண்டி நூற்றைம்பது சிசிக்கு மேல் போகக்கூடாது, என்ஜினில் கை வைத்திருக்கக்கூடாது என்பது விதி. பெலிக்ஸ் அமெச்சூரில் பெயர் கொடுத்தார்.

ரேஸ் அன்று காலையிலேயே இரண்டு கூட்டமும் இரண்டு ஊர்க்காரர்கள்போலப் பிரிந்து நின்றது. புரொபஷனல்கள் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து, நிழலுக்குக் கூடாரம் அடித்துக்கொண்டார்கள். அமெச்சூர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டே வந்தவர்கள். கண்ணாடியையும் சைடு ஸ்டாண்டையும் கழற்றி, கூட வந்தவர்கள் மடியில் வைத்துவிட்டு வெயிலில் நின்றார்கள். கூடாரத்திலிருந்து ஒருவன், “அண்ணே, டிபன் கேரியரையும் கழட்டிடுங்க, வெயிட்டு கொறையும்” என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தக் கூடாரத்திலிருந்து ஒருவன் எழுந்து வந்து அமெச்சூர் வரிசையில் நின்றான். பெயர் ஆத்மநாதன். இருபத்தாறு வயது இருக்கும். முழங்காலில் பிளாஸ்டிக் கவசம், முதுகில் திருச்சி ரேஸிங் கடை ஒன்றின் பெயர்.

“தம்பி, ஒங்க வரிசை அங்கிட்டு” என்றார் பெலிக்ஸ்.

“இல்லண்ணே. மூணு வருசமா கப்பு வாங்காட்டி அமெச்சூர்ல ஓட்டலாம். ரூல்ஸ்ல இருக்கு.”

“கப்பு வாங்கலயா, வாங்காம இருந்தீங்களா?”

ஆத்மநாதன் வண்டியை ஸ்டார்ட் செய்தான். பெலிக்ஸ் காதைக் கூர்மையாக்கினார். என்ஜினுக்குள் மெல்லிய கரகரப்பு ஒன்று கேட்டது. கம்பெனி வண்டியில் வராத சத்தம். உள்ளே என்னவோ வேலை செய்திருக்கிறான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அதன்பிறகு அவன் தண்ணீர் குடித்தாலும் சந்தேகமாக இருந்தது. டயரைத் தொட்டுப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது. கூடாரத்துக்காரர்கள் அவனிடம் குனிந்து பேசியபோது, “பாத்தியா, பாத்தியா” என்று இசைவாணியின் கையைத் தட்டினார்.

“ஒங்க வண்டிய முதல்ல பாருங்க” என்றார் இசைவாணி.

வெயில் ஏறுவதற்குள் மற்றவர்கள் தோற்று ஒதுங்க, கடைசி ஓட்டத்தில் பெலிக்ஸும் ஆத்மநாதனும் நின்றார்கள். அரிமளத்துக் கூட்டம் முழுக்கக் கயிற்றோரம் வந்துவிட்டது. ஆடு வளர்க்கும் ராக்கன்கூடத் தன் எக்ஸெல் மொபெட்டை வேலியோரம் நிறுத்திவிட்டு வந்திருந்தார். பச்சை விழுந்தது. முந்நூறு மீட்டர் வரை பெலிக்ஸ்தான் முன்னால். அதற்குப் பிறகு அந்தக் கரகரப்பு அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில் வந்தது, காதைத் தாண்டியது. அரை டயர் வித்தியாசம்.

பெலிக்ஸ் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேராக நடுவர் மேசைக்குப் போனார். வண்டிகளைச் சோதிக்க, பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் பிரகதீஸ்வரி வந்திருந்தார்.

“மேடம், அந்த என்ஜினப் பிரிச்சுப் பாக்கணும்.”

“பார்க்கலாம் சார். ஆனா புகார் குடுக்கிறவங்க வண்டியையும் சேர்த்துப் பிரிப்போம். அதுதான் விதி. சம்மதமா?”

“தாராளமா.”

இசைவாணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “வேணாங்க. ரெண்டாவதா வந்தது போதும். பேசாம வாங்க.”

“எனக்கென்ன பயம்? நம்ம வண்டியில என்ன இருக்கு?” என்று கையெழுத்துப் போட்டார். சத்தியமாக அவர் மனதில் அப்போது காரைக்குடி லேத்தின் நினைவே இல்லை.

முதலில் ஆத்மநாதனின் வண்டியைப் பிரித்தார்கள். பிரகதீஸ்வரி அளவுக்கருவியைச் சிலிண்டருக்குள் விட்டார், பிஸ்டனைத் துடைத்து அளந்தார், எல்லாவற்றையும் தாளில் எழுதினார். “கம்பெனி அளவு. ஒண்ணும் மாத்தல” என்றார். பெலிக்ஸ் நம்பவில்லை. இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். இன்னொரு தடவையும் அதே அளவு.

பிறகு பெலிக்ஸின் வண்டி. இந்தமுறை பிரகதீஸ்வரியே இரண்டு தடவை அளந்தார்.

“அரை மில்லி பெருசா இருக்கு சார். கணக்குப் போட்டா நூத்தி அம்பத்திரண்டு சிசி வருது.”

“அது ரிப்பேருங்க மேடம். புகை தள்ளுச்சு, சிலிண்டரக் கடைஞ்சு போர் பண்ணேன். ரேசுக்காகப் பண்ணல.”

“இருக்கலாம் சார். ஆனா நூத்தி அம்பதைத் தாண்டிருச்சு. ஒங்க பேரை எடுத்துத்தான் ஆகணும்.”

பரிசு போனதில் பெலிக்ஸுக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. கூடாரத்துச் சிரிப்பையும் தாங்கிக்கொண்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராக்கன் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

“பெலிக்ஸு, ரிப்பேர்னா பழசு இருக்கணுமே. அந்தப் பிஸ்டன் எங்கய்யா?”

அதைக் காட்டினால் போதும். தேய்ந்த பிஸ்டனைப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் புரிந்துவிடும். ஆனால் ஊருக்கெல்லாம் பை கட்டிக் கொடுத்த மனிதர் தன் வண்டிக்குப் பை கட்டவில்லை. தன்னை யார் கேட்கப்போகிறார்கள் என்று அந்தப் பிஸ்டனை மாற்றிய அன்றைக்கே பழைய இரும்புக்காரரிடம் தூக்கிப் போட்டிருந்தார். பெலிக்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். பதினேழு வயதில் பேண்ட் பைகளை வெளியே இழுத்தபோது நின்றதுபோலவே நின்றார்.

மறுநாளிலிருந்து கடைக்கு வந்தவர்கள் மாறிப்போனார்கள். வண்டி கொடுக்க வந்தவர்கள் ‘புதன்கிழமை வாரேன்’ என்று சொல்லிவிட்டு வரவில்லை. வந்த இரண்டொருவரும் பையைப் பிரித்து, பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இது என் வண்டியிலதா?” என்று கேட்டார்கள். பெலிக்ஸுக்கும் யாரைப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது. எதிரே டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தால், அது தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தார்.

பத்து நாள் கழித்து ஆத்மநாதன் வந்தான். வேனில் அல்ல, அந்த வண்டியிலேயே.

“என்ன தம்பி, கப்பக் காட்ட வந்தீங்களா?”

“சத்தம் வருதுண்ணே.”

“அது அன்னைக்கே வந்துச்சு.”

“என்ஜினுக்குள்ள ஓடுற டைமிங் செயின் தேஞ்சிருக்குன்னு மேடம் பிரிச்சதுக்கு அப்புறம் சொன்னாங்க. நீங்க பிரிக்காமலே அந்தச் சத்தத்தக் கேட்டீங்க. என்ன கோளாறுன்னுதான் தப்பாச் சொல்லிட்டீங்க.”

“ஒங்க கடையில மாத்த மாட்டாங்களா?”

“எங்க கடையா? வேனு, டெண்டு, சட்டை எல்லாம் அவங்களுது. வண்டி மட்டும் என்னுது. அமெச்சூர்ல ஓட்டி எங்க பேரக் கெடுத்துட்டன்னு சட்டையத் திருப்பி வாங்கிட்டாங்க. அங்க ராத்திரி நிப்பாட்டுன வண்டியில காலைல ஒரு சாமான் மாறியிருக்கும். அதான் புரொபஷனல்.”

பெலிக்ஸ் என்ஜின் மூடியைக் கழற்றினார். ஆத்மநாதன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் கைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான். ஒவ்வொரு போல்ட்டையும் கண்ணால் எண்ணினான்.

“நம்பிக்கை இல்லையா?”

“கோச்சுக்காதீங்கண்ணே. பழக்கம்.”

“பாருங்க. நல்லாப் பாருங்க” என்றார் பெலிக்ஸ். அதில் கோபம் இல்லை.

வேலை முடிந்ததும் பழைய செயினைப் பையில் போட்டு ஹேண்டில்பாரில் கட்டினார். அவன் முடிச்சை அவிழ்த்து, செயினை விரலில் தொங்கவிட்டு, அது நீண்டிருப்பதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி கட்டினான்.

எக்ஸெல்லைத் தள்ளிக்கொண்டு வந்த ராக்கன் வாசலில் நின்று இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். ஆத்மநாதன் கிளம்பிப் போனான். வண்டிச் சத்தம் தெரு முனையில் திரும்பியதும் ராக்கன் மெதுவாக உள்ளே வந்தார்.

“ஏன்யா பெலிக்ஸு, ரெண்டு பேரும் முன்னாடியே கூட்டா?”

பெலிக்ஸுக்குச் சிரிப்பு வந்தது. பத்து நாளில் முதல் தடவை. “என்ன செய்யுது வண்டி, ராக்கண்ணே?”

“இழுவை இல்ல. புகை தள்ளுது.” அவர் கொஞ்சம் இழுத்தார். “பிஸ்டனா இருக்குமோ?”

“பிரிச்சாத்தான் தெரியும். விட்டுட்டுப் போறீங்களா?”

ராக்கன் தெருவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், சுவரில் புதிதாக அடித்திருந்த ஆணியைப் பார்த்தார். அதில் பெலிக்ஸின் சொந்த வண்டியிலிருந்து அந்த வாரம் கழற்றிய பிரேக் கட்டை, ஒரு பையில், தேதி எழுதித் தொங்கியது. ராக்கன் தேதியை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“விட்டுட்டுப் போகல. இருக்கேன்” என்று, ஆத்மநாதன் உட்கார்ந்திருந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பெலிக்ஸ் எக்ஸெல்லை உள்ளே தள்ளினார். ராக்கனுக்கு நன்றாகத் தெரியும்படி என்ஜினை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, ஸ்பேனரை எடுத்தார்.