ஆற்றில் விட்ட சட்டை

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் நான் வேலைக்குப் போவது தொங்குரயிலில். ஆற்றின் இரு கரையிலும் இரும்புக் கால்களை ஊன்றி, மேலே தண்டவாளம் போட்டு, அதில் ரயிலைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். காலடியில் ஆறு ஓடும். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் யன்னலோடு ஒட்டிக்கொண்டு கீழே பார்ப்பார்கள். நான் ஐந்து மாதம் கீழே பார்க்கவில்லை. மூன்றாவது தரிப்பிடம் தாண்டியதும் கைத்தொலைபேசியை எடுத்துவிடுவேன். அதில் பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனாலும் அந்த வளைவு போய் முடியும்வரை தலையை நிமிர்த்த மாட்டேன்.

வேலை கிண்டர்கார்டனில். ஆசிரியைகளுக்கு உதவியாள். பிள்ளைகளுக்குக் குப்பை பிரிக்கப் பழக்குவது என் பொறுப்பு. தயிர்க்கோப்பை மஞ்சள் வாளிக்குள், கடுதாசி நீலத்துக்குள், வாழைப்பழத் தோல் மண்ணிறத்துக்குள். இதில் நான் பெரிய கெட்டிக்காரி. வந்து ஒரு கிழமையில் மூன்று வயதுப் பிள்ளையும் என் குரலுக்குப் பயந்து சரியான வாளியில் போட்டுவிடும். அவர்களுக்கு நான் சொல்வது ஒரே ஒரு சட்டம்தான்: உன் கையால் விழுந்ததை நீதான் எடுக்க வேண்டும். அழுதாலும் விடமாட்டேன். வீட்டிலும் அதே சட்டம்தான். பத்து வயது மகள் முகத்தைச் சுளிப்பாள், ஆனாலும் எடுப்பாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். என்னைப் போன்ற ஒருத்தியைப் பார்த்துத்தான் யாரோ அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

என் கணவர் போனது இலையுதிர்காலத்தில். வேலையால் வந்து, வாசல் நடையில் சப்பாத்துக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. இருதயம் என்றார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை ஒரு மண்டபத்தில் செய்தோம். முடிந்ததும் பூவையும், அவர் பாவித்த உடுப்பு ஒன்றையும் ஓடும் தண்ணீரில் விட வேண்டும் என்றார் குருக்கள். இந்த நாட்டில் ஆற்றில் எதையும் போடக்கூடாது, கண்டால் தண்டப்பணம் கட்ட வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் போனோம்.

அன்று காலையில் உடுப்பு எடுக்க அலுமாரியைத் திறந்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை மேலே கிடந்தது. இரண்டாவது பொத்தான் மட்டும் மஞ்சள். பள்ளிக்கூடத்தில் தைக்கப் பழகிய புதிதில் மகள் தைத்துக் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் கடைக்கும் போவார், கலியாண வீட்டுக்கும் போவார், கேட்டவர்களுக்கெல்லாம் பொத்தானைக் காட்டுவார். அந்தப் பொத்தானைக் கண்டுதான் சட்டையை எடுத்தேன். ஒரு மாதமாக இரவில் அதை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தவள் நான். அது வீட்டில் இருந்தால் நான் எழும்பவே மாட்டேன் என்று பயந்துபோனேன். மகள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

சட்டை மிதந்து யாருடைய கண்ணிலாவது பட்டுவிடும் என்று இன்னொரு பயம். தமிழ்க்கடைப் பிளாஸ்டிக் பை ஒன்றுக்குள் அதை வைத்து, ஒரு கல்லையும் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். கெட்டிக்காரியல்லவா!

ஆற்றங்கரையில் கணவரின் அண்ணன் பாலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "தங்கச்சி, கெதியா விடுங்கோ. ஆராவது வரப்போறாங்கள்."

விட்டேன். "இனித் திரும்பிப் பாக்காமல் நடவுங்கோ" என்றார் குருக்கள். ஆண்கள் முன்னால் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் நான். எனக்கும் பின்னால், எல்லோருக்கும் கடைசியாக, மகள். பத்து அடி போயிருக்க மாட்டோம். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கத்தினேன். "பின்னாலை பாக்காதை எண்டு சொன்னது கேக்கேல்லையே? அப்பாவைப் போகவிடு!" அவள் வீடு வரைக்கும் அழுதுகொண்டு வந்தாள்.

இளவேனில் வந்தபோது அவள் வகுப்பை ஆறு துப்புரவு செய்யக் கூட்டிப்போனார்கள். ஒவ்வொரு வருடமும் ஊரே இறங்கிச் செய்யும் வேலை அது. முழங்கால்வரை இறப்பர்ச் சப்பாத்து, கையுறை, தலைக்குத் தொப்பி எல்லாம் நானே எடுத்து வைத்தேன். எங்கே இறங்குவார்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. பின்னேரம் அவள் களைத்து வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அன்று இரவே வீட்டில் ஒரு மணம் தொடங்கியது. சேறும் ஊறிய துணியும் சேர்ந்த மணம். குளியலறைக் குழாயில் வினாகிரி ஊற்றினேன். அடுத்த நாள் வீட்டுப் பராமரிப்பாளரை இழுத்துவந்து நிறுத்தினேன். அவர் மூக்கை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, குழாயில் பிழை இல்லை என்று போய்விட்டார். சாம்பிராணி போட்டேன். புகை அடங்கியதும் மணம் திரும்பி வந்தது. அதுவும் வாசல் நடையில்தான் கூடுதலாக இருந்தது. மகளின் அறைக் கதவுக்கு முன்னால். அவர் குனிந்து நிமிராத அதே இடத்தில்.

அன்று ஆற்றங்கரையில் பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டாள், அதனால் அவர் போகாமல் பின்னாலேயே வந்துவிட்டார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, நம்பினேன். சமைக்கும்போது கதவுப் பக்கம் முதுகைக் காட்டாமல் நின்றேன். ஒருநாள் காலையில் மகள் போன பிறகு அந்த இடத்தில் குந்திக்கொண்டு, "இஞ்சருங்கோ, இன்னும் போகேல்லையே?" என்று வாய்விட்டுக் கேட்டேன். பயந்துகொண்டுதான் கேட்டேன். ஓம் என்று ஒரு குரல் வராதா என்ற ஆசையும் எனக்கு இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மகள் தமிழ் வகுப்புக்குப் போன நேரத்தில் அவள் அறையைக் கூட்டப் போனேன். கட்டிலின் கீழ் லாச்சியை இழுத்தபோது மணம் முகத்தில் அறைந்தது. பத்திரிகைக் கடுதாசிக்குள் சுற்றியபடி அவருடைய சட்டை. நீலம் வெளிறி, மண்ணோடு ஒட்டி, கழுத்துப் பட்டியில் பூஞ்சணம் பிடித்திருந்தது. மஞ்சள் பொத்தான் மட்டும் புதிதுபோல இருந்தது.

மகள் வரும்வரை நிலத்திலேயே இருந்தேன். கதவைத் திறந்தவள் என் மடியைப் பார்த்துவிட்டு, புத்தகப் பையைக் கழற்றாமலே நின்றாள்.

"எங்கை எடுத்தனி?"

"ஆத்திலை. இரும்புக் காலுக்குக் கீழை, கல்லுகளுக்கை செருகிக் கிடந்தது. நான்தான் கண்டனான். அப்பான்ரை எண்டு தெரியாமல் கூப்பிட்டுட்டன். டீச்சர் வந்து பையை வெட்டினவ."

ஆசிரியை பையில் இருந்த தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு, இது உங்கள் மொழியா, என்ன எழுதியிருக்கிறது என்று எல்லோருக்கும் முன்னால் அவளிடம் கேட்டிருக்கிறார். எல்லாத் தமிழ்க்கடைப் பைகளிலும் இருப்பதுதான்: நன்றி, மீண்டும் வருக. அந்தியேட்டிக்கு நான் தேடி எடுத்த பையில் இருந்த வாசகம்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது எண்டு சொல்லிட்டன்."

மழையென்றும் பனியென்றும் பாராமல் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் தமிழ் படிக்க இழுத்துப்போகும் பிள்ளை. "ஏன் பொய் சொன்னனி?" என்று கேட்டேன். எனக்குக் கேட்க வெட்கமில்லை.

"சொன்னால் உங்களுக்குத் தண்டம் வருமே. பெடியள் எல்லாம், சீ, ஆர் இந்தக் குப்பையைப் போட்டது எண்டு சிரிச்சவங்கள்." புத்தகப் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். "நானும் சிரிச்சனான், அம்மா."

எல்லோரும் மேலே ஏறிய பிறகு, குவியலில் இருந்து சட்டையை மட்டும் உருவி, இறப்பர்ச் சப்பாத்துக்குள் திணித்துக் கொண்டுவந்திருக்கிறாள். குப்பைப் பையில் போகவிட அவளுக்கு ஏலவில்லை. ஆற்றில் திரும்பப் போடவும் ஏலவில்லை. "எங்கடை கையாலை விழுந்ததை நாங்கள்தானே எடுக்கவேணும்?" என்றாள். என் சட்டத்தை அவள் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாள்.

"என்னட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாமே. அது நான் தைச்ச பொத்தான்."

ஒன்றுக்குப் பத்தாய்ப் பேசுகிற வாய் எனக்கு. அன்று "பிழை என்ரைதான்" என்று மட்டும் சொன்னேன்.

தண்ணீரில் விட்டதை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது என்பார்கள். எடுத்துவிட்டோம், இனி என்ன. மூன்று முறை தோய்த்தேன். இருவரும் பிழிந்து பல்கனியில் காயப்போட்டோம். காற்றில் சட்டையின் கை இரண்டும் அசைந்தன. மகள் அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

திங்கட்கிழமை வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு முடிந்ததும், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஆசிரியையிடம் சொன்னேன்: அந்தப் பையை ஆற்றில் போட்டது நான். அதற்குள் இருந்தது என் இறந்துபோன கணவரின் சட்டை. இவளுக்கு வாசிக்க நன்றாகத் தெரியும். எனக்காகத்தான் பொய் சொன்னாள். தண்டம் எங்கே கட்ட வேண்டும்?

ஆசிரியை இளம்பெண். முகம் சிவந்துபோனது. தண்டத்தைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார். பிறகு மகளின் முன்னால் குனிந்து, எல்லோருக்கும் முன்னால் அப்படிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். அடுத்தநாள் வகுப்பில் என்ன சொல்வது என்பதை நீயே தீர்மானி என்றும் சொன்னார். மகளிடம் நான் கேட்காத மன்னிப்பை அவர் கேட்டது எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு ரயிலில் வந்தோம். வளைவு வரப்போகிறது என்று தெரிந்து என் கை தானாகவே கைத்தொலைபேசியை எடுத்தது.

"அம்மா, ஒண்டு கேக்கட்டே?"

"கேள், பிள்ளை."

"அண்டைக்கு நான் எல்லாருக்கும் கடைசியாத்தானே வந்தனான். நீங்கள் எனக்கு முன்னாலை போனனீங்கள். நான் திரும்பிப் பாத்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

வேறு எவருக்கும் இந்தக் கேள்வி தோன்றியிருக்காது. ஐந்து மாதமாக அவள் அதை வைத்திருந்திருக்கிறாள்.

"நானும் திரும்பிப் பாத்தனான்" என்றேன். "பை போகேல்லை. அந்த இரும்புக் காலடியிலை மாட்டிக்கொண்டு நிண்டது. முடிச்சு வெள்ளையாத் தெரிஞ்சது. ரெண்டு அடி இறங்கினால் எடுத்திருக்கலாம். எனக்கு ஏலாமல் போச்சு. விட்டுட்டு வந்திட்டன்."

"அப்ப எனக்கு ஏன் ஏசினனீங்கள்?"

நான் அழுதேன். பக்கத்து இருக்கைக்காரர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் என்னைத் தேற்றவில்லை. தேற்றும் வேலை அவளுடையது அல்லவே. நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக் கீழே பார்த்தாள்.

நான் கைத்தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் குனிந்தேன். வளைவில் அந்த இரும்புக் கால் வந்தது. கல்லுகள், மெலிந்த தண்ணீர், நீந்துகிற ஒரு தாரா. வேறு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் நன்றாகத்தான் துப்புரவு செய்திருந்தார்கள். ரயில் வளைந்து திரும்பியபோது நாங்கள் இரண்டு பேரும் கழுத்தைத் திருப்பி, அந்தக் கால் மறையும்வரை பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.