அப்பா சொல்லாத சாட்சி

எங்கள் அப்பா தம்பலகாமத்தில் ஒரு வயற்காரக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். பட்டணத்தில் ஆங்கிலம் கற்று, நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் அரசாங்க எழுதுவினைஞரானார். சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வந்தபின், அரசாங்க ஊழியருக்கு வைத்த சிங்களச் சோதனையை எழுத மறுத்தார். "என்ர சோத்துக்கு நான் ஏன் இன்னொருத்தன்ர மொழியில கெஞ்ச வேணும்?" என்று வேலையை விட்டவர், துறைமுகத்தில் ஒரு கப்பல் சாமான் கொம்பனியில் கிளாக்கராகச் சேர்ந்தார். அந்த வருடங்களைப் பற்றி அம்மா இன்றும் கதைப்பதில்லை.

முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் இந்த நினைவுப் புத்தகத்துக்கு, கல்வெட்டுக்கு, இவ்வளவும் போதும் என்கிறார் அண்ணா. "கல்வெட்டில செத்தவரைப் பற்றி நல்லதுதான் போடுறது." ஓம், அதுதான் வழக்கம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா மகளான என் கையைப் பிடித்துக் கேட்டது வேறு. எனக்கும் களைத்துவிட்டது. இனி ஒளித்துவைக்க ஏலாது.

ஞாயிறு பின்னேரங்களில் அப்பா நூலகத்திலிருந்து எடுத்த ஓர் ஆங்கில நாவலை எங்களுக்குத் தமிழில் சொல்லிவந்தார். வெள்ளையர் ஊரில் ஒரு கறுப்பு மனிதன்மேல் களவுப் பழி. அவன் செய்யவில்லையென்று தெரிந்தவர்களும் பேசாமல் இருந்தார்கள். அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அவ்வளவு சனமும் வாயில கொழுக்கட்டையே வைச்சிருந்தது?" என்று கதிரைக் கையில் அடிப்பார்.

அந்த நாவல் முடியுமுன் தேர்த் திருவிழா வந்தது. தேர் இழுக்க, கப்பலைக் கரையில் கட்டும் பெரிய கயிற்றைக் கொம்பனி ஸ்டோரிலிருந்து இரவல் வாங்குவது எங்கள் கோயில் சபையின் வழக்கம். ரசீதுத் துண்டு எழுதுவதில்லை, வாய்ச்சொல்தான். சபையில் அப்பாவும் ஒருவர். அவர்தான் போய்க் கேட்டார். ஸ்டோரைப் பூட்டும் திறப்பு பியசேன என்ற சிங்களத் தொழிலாளியிடம் இருந்தது. "சாமிக்குத்தானே ஐயா? கொண்டு போங்க" என்று அவரே தோள் கொடுத்துத் தூக்கிவிட்டாராம்.

தேர் இருப்பிடம் வந்து சேர்ந்தபின், சாமியை இழுத்த கயிற்றைத் திரும்பக் கப்பலில் கட்டுவது பாவமென்று சபையில் ஒருவர் சொன்னார். கயிறு தேர்க் கொட்டகையிலேயே கிடந்தது. கொம்பனியில் விசாரணை வந்தது. பியசேன உள்ளதைச் சொன்னார். மனேஜர் அப்பாவைக் கூப்பிட்டு, "கோயிலுக்குக் குடுத்ததெண்டு இவன் சொல்லுறான். உண்மையோ?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றார் அப்பா.

பியசேன அப்பாவின் முகத்தையே பார்த்தாராம். களவெடுத்தவரென்று அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சபையார் எல்லோருக்கும் உண்மை தெரியும். ஒருவரும் கொம்பனிக்குப் போய்ச் சொல்லவில்லை. அப்பா நாவலை மறுநாளே நூலகத்தில் கொடுத்துவிட்டார். மிச்சக் கதையைக் கேட்டேன். "அது நல்ல கதை இல்லைப் பிள்ளை" என்றார்.

இவ்வளவையும் ஆஸ்பத்திரியில்தான் எனக்குச் சொன்னார். "ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"வேலை போயிடுமெண்ட பயம். அது பாதிதான். மற்றது, அவன் சிங்களவன். அவங்கட சட்டம் எனக்குச் செய்ததுக்கு ஒருத்தனாவது படட்டுமெண்டு நினைச்சனான். அவன் எனக்கு என்ன செய்தவன் பிள்ளை? ஒண்டும் செய்யேல்லை." அழுதார். "என்ர கல்வெட்டில இதைப் போடு. உயிரோட இருக்கேக்க எனக்குத் துணிவு வரேல்லை."

மூன்றாம் நாள் அப்பா எங்களை விட்டுப் போனார். அப்பா, உங்கள்மேல் எனக்கு அன்பும் கோபமும் ஒருமிக்க இருக்கின்றன.

அப்பாவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதிமார், பந்தல் போட்ட அயலவர்கள், குச்சவெளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த மாமா குடும்பத்தினர், கிண்ணியாவிலிருந்து சாப்பாடு கொண்டுவந்த நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.

பியசேன அவர்கள் களவெடுக்கவில்லை. அவர் இப்போது கந்தளாயில் மகளோடு இருக்கிறார். போன கிழமை நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொல்லி என்ன நோனா? அப்ப இருந்தவங்க சொல்லணும்" என்றார். இந்தக் கல்வெட்டைக் கையில் வைத்திருப்பவர்களில் நான்கு பேர் அன்றைய சபையில் இருந்தவர்கள். உங்கள் பெயர்களை எழுதும்படி அப்பா சொல்லவில்லை. கந்தளாய் பஸ் காலை ஏழு மணிக்கு.