ஜீலம் கரைக்கு ஒரு பயணம்

"ஜீலம் ஆத்தைப் பாத்திருக்கீகளா? அகலம் எம்புட்டு இருக்கும்?"

கான்பூரிலிருந்து தோல் வாங்க வந்தவர் டீ கிளாசைக் கையில் வாங்குவதற்குள் நூர் அகமது இதைக் கேட்டுவிடுவார். வந்தவர் விழித்தால் அரைகுறை உருதில் கேட்பார். அதற்கும் விழித்தால் இரண்டு கைகளையும் ஆறுபோல் விரித்துக் காட்டுவார்.

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் தரம் பிரிக்கிற வேலை. வயது நாற்பத்தாறு. ஒரு தோலைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தாரென்றால், அந்த ஆடு எந்த வேலியில் உரசிக்கொண்டது என்பதுவரை சொல்லிவிடுவார். மதுரைக்கும் பழனிக்கும் அப்பால் போனதில்லை. அப்படிப்பட்டவருக்கு அலெக்சாண்டர் வந்து போன இடங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையைக் கிளப்பியவர், அடுத்த தெரு பாஸ்கல் வாத்தியார். சரித்திரப் பாடம் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலைக்கோட்டை அடிவாரத்தில் உட்கார்ந்து பாஸ்கல் சொல்லச் சொல்ல, நூர் அகமது நோட்டில் எழுதிக்கொள்வார்.

அலெக்சாண்டர்மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. "அவன் கெடக்கான். அம்புட்டுத் தூரம் நடந்துட்டு, போதும்டா சாமி, வீட்டுக்குப் போறோம்னு பியாஸ் கரையில உக்காந்துட்டானுகள்ல சிப்பாய்க, அவனுக நின்ன மண்ணை மிதிக்கணும் வாத்தியாரே."

பியாஸ் எல்லைக்கு இந்தப் பக்கம். ஜீலமும் தட்சசீலமும் அந்தப் பக்கம், பாகிஸ்தானில். அறுபத்தைந்து அக்டோபரில், காலாண்டு விடுமுறையில், இருவரும் புறப்படுவதாக ஏற்பாடு. நூர் அகமது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். ரயில் நேரங்களைக் குறித்துக்கொண்டார்.

"ஹஜ்ஜுக்குன்னா சந்தோசமா அனுப்புவேன். எவனோ சண்டை போட்ட ஆத்தங்கரைக்கு எதுக்குங்க?" என்று மனைவி ஜெய்தூன் பீவி சலித்துக்கொண்டார். ஆனாலும் அங்கே குளிர் கடுமை என்று கேட்டு, கம்பளியை வெட்டி இரண்டு உள்சட்டைகள் தைத்தார். ஒன்று வாத்தியாருக்கு.

செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. அடுத்த வாரமே சாதாரண உடுப்பில் இரண்டு பேர் ஷாப்புக்கு வந்து, நோட்டோடு அவரையும் கூட்டிப் போனார்கள். எந்தக் கட்டடத்துக்கு என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை.

அங்கே அதிகாரி ஒருவர் நோட்டை விரித்து வாசித்தார். "மழை ராத்திரியில் ஆற்றைக் கடக்கணும். இந்தக் கரையில் தீ மூட்டி எதிரியை ஏமாத்தணும். பதினேழு மைல் மேலே ஆழம் குறைச்சல்." நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொல்லி எழுதுன? எந்தப் படை?"

"அலெக்சாண்டர் படைங்கய்யா."

"அவன் இப்ப எங்க இருக்கான்?"

"செத்து ரெண்டாயிரத்துச் சொச்சம் வருசமாச்சுங்கய்யா."

கன்னத்தில் விழுந்த முதல் அறை அப்போதுதான்.

நாலாம் நாள் பாஸ்கலை வரவழைத்தார்கள். சரித்திர வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நூர் அகமது சுவரோரம் நின்றபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஆளைத் தெரியுமா?"

"தெருவுல பாத்திருக்கேங்க. பழக்கமில்ல."

"இதெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததா?"

பாஸ்கல் இல்லையென்று தலையசைத்தார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிவரை வந்து சொட்டியது. அதிகாரி நூர் அகமது பக்கம் திரும்பினார்.

"நானாத்தான் எழுதுனேங்கய்யா. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். வழக்கு ஒன்றும் இல்லை, போ என்றார்கள். முதலாளி வேலையைப் பறிக்கவில்லை. ஆனால் வெளியூர் வியாபாரிகள் கண்ணில் படவேண்டாமென்று, பின்கட்டில் சுண்ணாம்புத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் போட்டார். பாஸ்போர்ட்டைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை; அவரும் கேட்டு எழுதவில்லை. வாத்தியாருக்குத் தைத்த உள்சட்டையை ஜெய்தூன் பீவி பிரித்து, கம்பளியைத் தலையணைக்குள் அடைத்துவிட்டார். நூர் அகமதுவின் தெரு வழியே பாஸ்கல் போவதை விட்டு ஆறு மாதமாயிற்று.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் அவர் பின்கட்டுக்கே வந்துவிட்டார். நூர் அகமது ஊறிய தோலைக் கழியில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பாஸ்கல் இடப்பக்கம் வந்து நின்றார். தொட்டியைப் பார்த்தபடி, மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

"பாய், மூணு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன். வேலை போயிரும்னு பயந்துட்டேன். நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. என்னைய மன்னிச்சிருங்க."

நூர் அகமது தோலைச் சீராகப் பரப்பி முடித்த பிறகுதான் ஆள் நிற்பதையே கவனித்தார்.

"அடடே, வாத்தியாரா! எப்ப வந்தீக? ஏதாச்சும் சொன்னீகளா? செப்டம்பர்ல இருந்து இந்த எடது காது கேக்குறதில்ல."

கழியைச் சுவரில் சாத்தினார். பாஸ்கலின் உயரத்துக்குக் கொஞ்சம் குனிந்து, வலது காதை அவர் வாய்க்கு நேரே கொடுத்துக் காத்திருந்தார்.